சொகுசுக் கார்ச் சந்தை எந்தப் பக்கம் போகிறது? கொழும்பு வாசகருக்கு ஓர் ஆரம்ப விளக்கம்

கொழும்பில் ஒரு காரின் விலையைக் கேட்டவுடன் அதைச் சொகுசுக் கார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு பல வேளைகளில் பிழைத்துப்போகிறது. ஜப்பானில் நடுத்தரக் குடும்பமொன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்ல வாங்கும் ஹைபிரிட் ஜீப் இங்கே வந்து இறங்கும்போது, புறநகரில் ஒரு காணி வாங்கக்கூடிய தொகையை எட்டிவிடுகிறது. விலை உயர்ந்ததால் மட்டும் அந்த வாகனத்தின் இருக்கையோ இயந்திரமோ மாறிவிடவில்லை. ஆகவே சொகுசுக் கார்ச் சந்தையை விளங்கிக்கொள்ள விரும்பும் இலங்கையர் ஒருவர் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். ஒன்று, உலகச் சந்தையில் தயாரிப்பாளர் போடும் கணக்கு. மற்றது, துறைமுகத்தில் அரசு போடும் கணக்கு. இரண்டையும் கலந்து பார்ப்பவருக்கு இந்தச் சந்தையில் நடக்கும் எதுவுமே தெளிவாகத் தெரியாது.

முதலில் தயாரிப்பாளர்களைப் பார்ப்போம். மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஔடி ஆகிய மூன்று ஜேர்மன் நிறுவனங்களும், 1989இல் டொயோட்டா தொடங்கிய லெக்ஸஸும், வொல்வோவும் இந்தச் சந்தையின் அகலமான அடித்தளம். அதற்கு ஒரு படி மேலே போர்ஷேயும் ரேஞ்ச் ரோவரும் நிற்கின்றன. உச்சியில் ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, பெராரி, லம்போர்கினி போன்ற பெயர்கள் இருக்கின்றன. உச்சியில் இருப்பவை பெரும்பாலும் தனித்து நிற்கும் நிறுவனங்கள் அல்ல. ரோல்ஸ் ராய்ஸ் கார்களைத் தயாரிப்பது பி.எம்.டபிள்யூ குழுமம்; பென்ட்லி, லம்போர்கினி, போர்ஷே, ஔடி நான்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்தவை. ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் இந்தியாவின் டாட்டா மோட்டர்ஸ் 2008இல் வாங்கியது. வொல்வோ கார் நிறுவனம் 2010இல் சீனாவின் ஜீலியிடம் சென்றது. இந்த உறவுமுறை தெரிந்திருந்தால், பின்னால் வரும் பல விடயங்கள் தாமாகவே விளங்கும்.

குறைவாக விற்று நிறைய உழைப்பது

இன்றைய சொகுசுச் சந்தையின் எல்லாப் போக்குகளுக்கும் வேராக இருப்பது ஒரே எண்ணம்தான்: விற்கும் கார்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் பணத்தைப் பெருக்குவது. டொயோட்டா ஆண்டொன்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களை விற்கிறது. பெராரி 2023இல் 13,663 கார்களையும், 2024இல் 13,752 கார்களையும் மட்டுமே வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தது. ஓராண்டில் கூடியது 89 கார்கள். கேட்பவர்கள் இல்லாததால் வந்த நிலை அல்ல இது. வாங்கக் காத்திருப்போரின் எண்ணிக்கை, விற்பனைக்கு விடும் கார்களின் எண்ணிக்கையைவிட எப்போதும் கூடுதலாக இருக்கும்படி அந்த நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அதனால் அதன் பழைய கார்களும் விலை குறையாமல் நிற்கின்றன. பழையது விலை குறையாததால் புதியதை வாங்குபவர் தயங்குவதில்லை.

2021ஆம் ஆண்டு சிப் தட்டுப்பாடு இந்தப் பாடத்தை ஏனைய நிறுவனங்களுக்கும் கற்பித்தது. கிடைத்த சிப்புகளை எந்தக் காருக்கு ஒதுக்குவது என்ற கேள்வி வந்தபோது, இலாபம் கூடிய பெரிய கார்களுக்கே அவற்றை ஒதுக்கினார்கள். விற்பனை எண்ணிக்கை குறைந்தும் இலாபம் குறையவில்லை. அடுத்த ஆண்டிலேயே மெர்சிடிஸ் நிறுவனம், தன் உச்ச வகைக் கார்களில் கூடுதல் கவனம் செலுத்துவதாகவும் சிறிய கார்களின் வகைகளைக் குறைப்பதாகவும் வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் பெராரிக்குப் பொருந்துவது எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதே என் கருத்து. ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் கார் விற்பவர் வாடிக்கையாளரைத் தெரிவுசெய்யலாம். இருபது இலட்சம் கார் விற்கும் தொழிற்சாலைகளை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. சிறிய காரை வாங்கத் தொடங்கும் இளம் வாடிக்கையாளர்தான் இருபது ஆண்டுகள் கழித்துப் பெரிய காரை வாங்க வருகிறார். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது தொலைநோக்குள்ள வியாபாரம் அல்ல.

எண்ணிக்கையைக் கூட்டாமல் வருமானத்தைக் கூட்டும் மிகச் சிறந்த வழி, வாங்குபவரின் விருப்பத்துக்கேற்பக் காரைச் செய்து கொடுப்பது. செட்டியார் தெருவில் தாலிக்கொடிக்கு ஓடர் கொடுப்பவர் பொன்னின் விலையோடு செய்கூலியையும் மனமொப்பிக் கொடுப்பது போல, இங்கும் காரின் அடிப்படை விலைக்கு மேலே வேலைப்பாட்டுக்கென்று தனிப் பணம் கொடுக்கப்படுகிறது. ரோல்ஸ் ராய்ஸ் காரின் உட்கூரையில் விண்மீன்கள் மின்னும் ஓர் அமைப்பு உண்டு. தோலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்துளைகளை இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஒளியிழையைக் கையாலேயே செருகி, முனைகளை வெவ்வேறு கோணங்களில் வெட்டி அதைச் செய்கிறார்கள். வாடிக்கையாளர் பிறந்த இரவில் வானம் எப்படி இருந்ததோ அதே ஒழுங்கில் அந்தப் புள்ளிகளை அமைத்துத் தரவும் அவர்களால் முடியும். அத்தகைய ஒரு கூரைக்கு விலை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தையில் வேறொரு பொருள் இல்லை. தயாரிப்பாளரின் இலாபம் அங்கேதான் இருக்கிறது. கார்களும் உதிரிப்பாகங்களும் பெராரிக்கு ஈட்டித்தரும் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறான தனிப்பட்ட வேலைப்பாடுகளால் வருகிறது. ரோல்ஸ் ராய்ஸ் 2025 ஜனவரியில், இங்கிலாந்தின் குட்வுட்டில் உள்ள தன் தொழிற்சாலையில் 300 மில்லியன் பவுணுக்கு மேல் முதலிடுவதாக அறிவித்தபோது, அது கூடுதல் கார்களைச் செய்வதற்காக அல்ல, கூடுதல் வேலைப்பாடுள்ள கார்களைச் செய்வதற்காக என்றே சொன்னது.

எல்லோரும் ஜீப் செய்வது ஏன்?

போர்ஷே 2002இல் கயென் என்ற உயரமான வாகனத்தை வெளியிட்டபோது, பந்தயக் கார் நிறுவனத்துக்கு இது தகுமா என்று இரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கயென் ஈட்டித்தந்த பணம் அந்த நிறுவனத்தை நிமிர்த்தியது. பின்னர் பென்ட்லி 2015இல் பென்டேகாவையும், லம்போர்கினி 2017இன் இறுதியில் உருஸையும், ரோல்ஸ் ராய்ஸ் 2018இல் கல்லினனையும் கொண்டுவந்தன. நெடுங்காலம் மறுத்துவந்த பெராரியும் 2022இல் புரோசாங்குவேயை வெளியிட்டு, அதன் பங்கு தன் மொத்த விற்பனையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டாது என்று வரம்பிட்டுக்கொண்டது.

உயரமான இருக்கையும் விசாலமான கதவும் வயதானவர்களுக்கு வசதி என்பது ஒரு காரணம். குண்டும் குழியுமான வீதிகளும் வெள்ளம் தேங்கும் சந்திகளும் உள்ள ஆசிய நகரங்களில் தாழ்ந்த கார் பயன்படாது என்பது இன்னொன்று. கொழும்பில் வேகத்தடை ஒன்றின்மேல் தாழ்ந்த காரொன்று அடிப்பாகம் உரசக் கடந்துபோகும் ஒலியைக் கேட்டவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. ஔடி கியூ 7, போர்ஷே கயென், பென்ட்லி பென்டேகா, லம்போர்கினி உருஸ் ஆகிய நான்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே அடிப்படைக் கட்டமைப்பின்மீது எழுப்பப்பட்டவை. ஒரு முறை செலவிட்டு உருவாக்கிய அடித்தளத்தை நான்கு பெயர்களில், நான்கு விலைகளில் விற்க முடிகிறது. வாங்குபவர் இதை ஏமாற்று என்று கருதத் தேவையில்லை. ஒவ்வொன்றின் இயந்திர ஒழுங்கும் ஓட்டும் தன்மையும் உட்புற வேலையும் உண்மையிலேயே வேறுபடுகின்றன. எனினும் விலை வித்தியாசம் முழுவதும் பொறியியலால் வந்தது என்று நம்பவும் கூடாது.

மின்சாரத்துக்கு மாறும் பாதையில் வந்த தயக்கம்

2020, 2021ஆம் ஆண்டுகளில் சொகுசுக் கார் நிறுவனங்கள் போட்டிபோட்டு வாக்குறுதி அளித்தன. 2030க்குள் முழுமையாக மின்சாரக் கார்களுக்கு மாறிவிடுவதாகப் பென்ட்லி சொன்னது. சந்தை இடமளிக்கும் நாடுகளில் பத்தாண்டின் இறுதிக்குள் மாறத் தயாராவதாக மெர்சிடிஸ் சொன்னது. பிறகு நடந்தது வேறு. மெர்சிடிஸ் 2024இல் தன் இலக்கைத் தளர்த்தியது. பென்ட்லி அதே ஆண்டு நவம்பரில் தன் இலக்கை 2035க்குத் தள்ளிவைத்தது. 2035க்குப் பிறகு புகை வெளியிடும் புதிய கார்களை விற்க இடமில்லை என்று 2023இல் சட்டமியற்றிய ஐரோப்பாவிலேயே, 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அந்த விதியைத் தளர்த்த முன்மொழிந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. அமைதியும் அதிர்வின்மையும் உடனடி இழுவிசையும்தான் சொகுசுக் காரின் பழைய இலட்சியங்கள். அவை மூன்றும் மின் மோட்டாருக்கு இயல்பாகவே வாய்த்தவை. 2023இன் இறுதியில் வாடிக்கையாளரைச் சென்றடையத் தொடங்கிய ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டர் என்ற மின்சாரக் கார், அந்த நிறுவனத்தின் குணத்துக்குப் பெற்றோல் இயந்திரத்தைவிடவும் பொருத்தமானது என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் பெராரி, லம்போர்கினி போன்றவற்றை வாங்குபவருக்கு இயந்திரத்தின் ஒலியே பாதிச் சரக்கு. அதை எடுத்துவிட்டால் அவர் எதற்குப் பணம் கொடுப்பார்? ஆகவே லம்போர்கினி நடுவழியைப் பிடித்தது: ரெவுவெல்டோ, உருஸ் எஸ்.இ., டெமெராரியோ என்று தன் கார்கள் அனைத்தையும் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட்டாக மாற்றியது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த 2024இல் மொத்தம் 10,687 கார்களை ஒப்படைத்தது.

இன்னொரு தயக்கம் மறுவிற்பனை விலையைப் பற்றியது. மின்கலத் தொழில்நுட்பம் வேகமாக முன்னேறுவதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உயர்விலை மின்சாரக் கார் இன்று பழைய தலைமுறைப் பொருளாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் போர்ஷே டைகான், மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். போன்றவை ஒப்பிடத்தக்க பெற்றோல் கார்களைவிட வேகமாக மதிப்பிழந்தன.

கொழும்பின் நிலை இதிலிருந்து சற்று வேறுபட்டது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளை இங்கே யாரும் மறக்கவில்லை. கியூ.ஆர். அட்டை முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வி8 இயந்திரம் பூட்டிய ஜீப்புக்கும் அதே 20 லீற்றர்தான். அந்த அனுபவத்துக்குப் பிறகு, கூரையில் சூரியத் தகடு பதித்த தனி வீடு வைத்திருப்பவர்கள் மின்சாரக் காரை ஆடம்பரமாக அல்ல, காப்பாகவே பார்க்கத் தொடங்கினார்கள். தொடர்மாடிகளில் வசிப்போரின் பாடு அப்படியில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள பல கட்டடங்களில் வாகனத் தரிப்பிடத்துக்குப் பொது மின்மானி ஒன்றுதான் இருக்கிறது. சார்ஜர் பூட்ட வேண்டுமானால் முகாமைத்துவக் குழுவின் சம்மதம், தனி மானி, கீழ்த்தளத்திலிருந்து இழுத்துவரும் தடித்த வடம், தீப்பாதுகாப்பு என்று நான்கைந்து கேள்விகள் எழுகின்றன. விலையுயர்ந்த காரை வாங்க முடிந்தவருக்கும் இரவில் அதற்கு மின்சாரம் ஏற்ற இடமில்லாமல் போவது இங்கே நடைமுறைச் சிக்கல்.

கார் ஒரு மென்பொருளாக மாறும்போது

இந்தப் போக்கைப் பற்றியே நம் வாசகர்கள் கூடுதலாக அறிய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் இதன் விளைவு கொழும்பில்தான் கடுமையாக இருக்கும்.

முன்பு காரை விற்றதோடு தயாரிப்பாளரின் வருமானம் பெரும்பாலும் முடிந்தது. இப்போது விற்ற பிறகும் வருமானம் வர வேண்டும் என்று விரும்புகிறார்கள். பி.எம்.டபிள்யூ 2022இல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்த இருக்கைச் சூடாக்கியைப் பயன்படுத்த மாதக் கட்டணம் கேட்டது. கடும் எதிர்ப்பு எழவே 2023இல் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. மெர்சிடிஸ் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்கள் சிலவற்றின் வேகமெடுக்கும் திறனைக் கூட்ட ஆண்டுக்கு 1,200 டொலர் கட்டணம் அறிவித்தது. மோட்டார் மாறவில்லை, மின்கலம் மாறவில்லை. பூட்டிவைத்திருந்த திறனை மென்பொருள் திறந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதிக்கு மீண்டும் மீண்டும் வாடகை கேட்பதை நான் நியாயமென்று ஏற்கவில்லை. புதிதாக ஒரு சேவை தரப்பட்டால், உதாரணமாக வரைபடமோ சாரதி உதவியோ காலந்தோறும் மேம்படுத்தப்பட்டால், அதற்குக் கட்டணம் கேட்பது வேறு விடயம்.

இனிப் பஞ்சிகாவத்தைக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பென்ஸ் காருக்கு உதிரிப்பாகம் தேவைப்பட்டால், பஞ்சிகாவத்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தெரிந்த பாஸ் ஒருவர் கராஜில் வைத்துப் பூட்டித் தருவார். புதிய காரில் அதே பாகம் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. புதிய மெர்சிடிஸ் கார்களில் முன்பக்க நட்சத்திரச் சின்னம் தட்டையாக, கண்ணாடி போன்ற வழவழப்புடன் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பல மொடல்களில் அதன் பின்னால் முன்னே போகும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் ராடார் இருக்கிறது. முச்சக்கரவண்டி ஒன்று இடித்து அந்தச் சின்னம் உடைந்தால், அழகுக்காக உலோகப் பூச்சுள்ள சாதாரண நட்சத்திரமொன்றை அங்கே ஒட்டிவிட முடியாது. உலோகம் ராடார் அலையை மறித்துவிடும். சரியான பாகத்தைப் பூட்டிய பின்னரும் ராடாரின் பார்வைக் கோணத்தை உரிய கருவியால் சரிபார்க்க வேண்டும். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னாலுள்ள கமெராவுக்கும் அதே வேலை உண்டு. ஆகவே ஒரு சிறு மோதலுக்கான செலவு இரும்பு வேலையையும் பெயின்ட்டையும் தாண்டிப் போகிறது. காப்புறுதி எடுக்கும்போது இந்த அளவுத்திருத்தச் செலவு உள்ளடங்குமா என்று கேட்டு வைப்பது நல்லது.

மென்பொருள் காரின் ஆயுளையும் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது. போர்ஷேயின் மக்கான் என்ற ஜீப்பின் பெற்றோல் வகை ஐரோப்பிய ஒன்றியச் சந்தையிலிருந்து 2024இல் விலக்கப்பட்டதற்குக் காரணம் புகையோ விற்பனைக் குறைவோ அல்ல. இணையவழித் தாக்குதலுக்கு எதிரான புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அதன் பழைய மின்னணுக் கட்டமைப்பு ஈடுகொடுக்கவில்லை என்பதே காரணம். தானாக ஓடும் கார்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஆனால் ஜேர்மனியில் 2021இன் இறுதியில் அனுமதி பெற்ற மெர்சிடிஸின் முறைகூட, குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், தொடக்கத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்துக்குள் மட்டுமே சாரதியின் கண்ணை வீதியிலிருந்து விடுவித்தது. ஒழுங்கைக் கோடுகள் அழிந்த நம் வீதிகளுக்கு அது வர நெடுங்காலம் ஆகும்.

பின்னிருக்கையும் சீனாவும்

ஆசியாவில் சொகுசுக் காரின் சொந்தக்காரர் பெரும்பாலும் பின்னால் அமர்ந்திருக்கிறார். இதை மேற்கத்திய நிறுவனங்கள் தாமதமாகவே முழுமையாக ஏற்றுக்கொண்டன. பி.எம்.டபிள்யூ 2022இல் வெளியிட்ட 7 வரிசைக் காரில், பின்னிருக்கைக்காரருக்காகக் கூரையிலிருந்து 31.3 அங்குலத் திரை இறங்கிவருகிறது. காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு ஊர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இயந்திரத்தின் குதிரைவலுவைவிட அந்தத் திரையும், கால் நீட்டும் இடமும், வெளியிரைச்சலைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடியும்தான் பெறுமதி. டொயோட்டாவின் அல்பார்ட், வெல்பயர் போன்ற வேன்கள் சொகுசு வாகன வரிசையில் ஏறிவிட்டதும் இதனால்தான். ஐரோப்பியர் கண்ணுக்கு அவை வெறும் வேன்கள். கொழும்பிலும் ஜகார்த்தாவிலும் ஹொங்கொங்கிலும் அவை மண்டபத்து வாசலில் மரியாதையோடு கதவு திறக்கப்படும் வாகனங்கள்.

சீனா இந்தக் கதையில் இரண்டு வேடங்களில் வருகிறது. பல ஆண்டுகளாக அது ஜேர்மன் நிறுவனங்களுக்கு மிகப்பெரிய வாடிக்கையாளராக இருந்தது. இப்போது மிகக் கடுமையான போட்டியாளராகவும் ஆகிவிட்டது. போர்ஷே 2021இல் சீனாவில் 95,671 கார்களை விற்றது. 2024இல் விற்றது 56,887. சொத்துச் சந்தை சரிந்து செல்வந்தர்கள் கையை இறுக்கிக்கொண்டது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, அங்குள்ள இளைஞர்களுக்கு ஜேர்மன் பெயரின்மீது தங்கள் பெற்றோருக்கு இருந்த மயக்கம் இல்லை. கைபேசி செய்துவந்த ஷியோமி 2024 மார்ச்சில் எஸ்.யூ. 7 என்ற மின்சாரக் காரை 215,900 யுவானிலிருந்து விற்கத் தொடங்கியது. ஹுவாவே தொழில்நுட்பத்துடன் வந்த மேக்ஸ்ட்ரோ எஸ் 800, ஏழு இலட்சம் யுவானைத் தாண்டிய விலையோடு 2025இல் மெர்சிடிஸின் உச்ச வகையான மேபாக் நிற்கும் இடத்துக்கே நேராகப் போய் நின்றது. திரையின் வேகம், குரலுக்குப் பணியும் மென்பொருள் ஆகியவற்றில் அவை முன்னே நிற்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் சீன அரசு, அதிசொகுசுக் கார்களுக்கான பத்து வீத மேலதிக வரியின் வரம்பை 13 இலட்சம் யுவானிலிருந்து 9 இலட்சமாகக் குறைத்து, மின்சாரக் கார்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

துறைமுகத்தில் போடப்படும் கணக்கு

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் இரண்டு விடயங்கள் நடந்தன. உள்ளே இருந்த பழைய கார்கள் விலையேறின. உலகம் மின்சாரத்துக்கும் மென்பொருளுக்கும் மாறிய அதே ஆண்டுகளின் கார்கள் நம் வீதிகளுக்கு வராமலே போயின. கொழும்பில் 2018ஆம் ஆண்டு மொடலுக்குப் பக்கத்தில் 2025ஆம் ஆண்டு மொடல் வந்து நிற்கும்போது, நடுவில் ஒரு தலைமுறை விடுபட்டிருப்பது கண்கூடாகத் தெரிகிறது. அரச வாகனங்களிலும் மாற்றம் வந்தது. ஜனாதிபதி செயலகத்துக்குச் சொந்தமான அதிசொகுசு வாகனங்கள் 2025இல் ஏலத்தில் விடப்பட்டன.

வரியின் அமைப்பை ஒரு முறை பொறுமையாகப் பார்ப்போம். வாகனத்தின் விலை, காப்புறுதி, கப்பற்கட்டணம் மூன்றும் சேர்ந்த இறக்குமதிப் பெறுமதியே அடிப்படை. 2025இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது அதன்மேல் 20 வீதச் சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையில் பாதியளவு மிகைவரியும் வந்தன. உற்பத்தித் தீர்வை பெற்றோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட் வலுவைப் பொறுத்தும் மாறுகிறது. இறுதியில் 18 வீத வற் வரி. இவற்றுக்கு நடுவே நம் பேசுபொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது சொகுசு வரி. அது காரின் முழுப் பெறுமதிக்கும் விழுவதில்லை. ஒரு வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே விழுகிறது.

2025இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது இருந்த வீதங்களின்படி, ஒரு கோடி ரூபா இறக்குமதிப் பெறுமதியுள்ள மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் காருக்கு வரம்பு 50 இலட்சம், வீதம் நூறு. ஆகவே மிகுதி 50 இலட்சத்துக்கும் 50 இலட்சம் சொகுசு வரி. பெற்றோல் ஹைபிரிட்டுக்கு வரம்பு 55 இலட்சம், வீதம் 80. வரி 36 இலட்சம். மின்சாரக் காருக்கு வரம்பு 60 இலட்சம், வீதம் 60. வரி 24 இலட்சம். மூன்றும் வெளிநாட்டில் ஒரே விலை; இங்கே சொகுசு வரியில் மட்டும் 26 இலட்சம் வித்தியாசம். வரவு செலவுத் திட்டத்தோடும் வர்த்தமானியோடும் இந்த எண்கள் மாறக்கூடியவை, ஆனால் கணக்கின் வடிவம் இதுதான்.

கொழும்பின் விருப்பங்களை விளக்க இந்தக் கணக்கே போதும். கதவுகள் இறக்கைபோல மேலெழும் பி.எம்.டபிள்யூ ஐ 8 என்ற விளையாட்டுக் கார் இந்நகர வீதிகளில் காணக்கிடைத்தது. அதன் பெற்றோல் இயந்திரம் 1.5 லீற்றர், மூன்று சிலிண்டர் மட்டுமே, மிகுதி வேலையை மின் மோட்டார் பார்த்தது. இயந்திரத்தைச் சிறிதாக்கி மோட்டாரைச் சேர்க்கும் உலகப் போக்கும், இயந்திரக் கொள்ளளவை அளந்து வரிவிதிக்கும் நம் முறையும் அங்கே கைகோத்தன. மறுபக்கம், பெரிய பெற்றோல் இயந்திரமுள்ள உச்ச வகைக் கார்கள் இங்கே மிக அரிதாகவே வருகின்றன. எனவே உலகச் சந்தையைப் பற்றிப் படிக்கும்போது, எந்த மொடல் நல்லது என்பதோடு அது எந்த வரிப் படியில் விழும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாவித்த கார்களை எடுத்துவருவோர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இறக்குமதிக்கான வயது வரம்பு கார்களுக்கு மூன்று ஆண்டுகள் என்பதாலும், நாம் வலப்பக்கச் சுக்கான் உள்ள கார்களையே ஓட்டுவதாலும், பெரும்பாலானவை ஜப்பானிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வருகின்றன. ஐரோப்பாவில் மின்சாரச் சொகுசுக் கார்கள் வேகமாக மதிப்பிழப்பது இங்கே வாங்குபவருக்கு ஒரு வாய்ப்பாகத் தோன்றும். அந்த வாய்ப்பின் உள்ளே சில கேள்விகள் இருக்கின்றன. மின்கலத்துக்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் எட்டு ஆண்டுகள். ஆனால் அந்த உத்தரவாதம் கார் முதலில் விற்கப்பட்ட நாட்டைத் தாண்டி இங்கே செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மின்கலத்தின் மிஞ்சிய கொள்ளளவு எத்தனை வீதம் என்ற அறிக்கையை, ஓடிய கிலோமீற்றரைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் துவாரத்தின் வகையும் நாட்டுக்கு நாடு வேறு: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களில் சாடெமோ, பிரித்தானியக் கார்களில் சி.சி.எஸ். 2, சீன உள்நாட்டுச் சந்தைக் கார்களில் ஜி.பி./டி. என்று மூன்று தனித்தனி முறைகள் உள்ளன. வீட்டில் மெதுவாக ஏற்றுவதற்கு இணைப்பி ஒன்று போதும். யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கோ போகும் வழியில் விரைவாக ஏற்ற நினைப்பவர், அந்தப் பாதையில் உள்ள நிலையங்களில் எந்த வகைச் செருகி இருக்கிறது என்று பார்த்துவிட்டே எந்த நாட்டுக் காரை வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும்.